ஐந்தாவது கோயிலுக்கு வந்த மணல்

எல்லோரும் ஒட்டடை என்று கூப்பிடும் தம்பிக்காரன் கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டபோது அவன் அண்ணன் மேஸ்திரி வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். இடி மாதிரியெல்லாம் சத்தமில்லை. யாரோ மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு தொப். அப்புறம் ஐந்தாவது கோயிலின் வாசலிலிருந்து புழுதி வந்தது, அதன் பின்னாலேயே வௌவால்கள்.

அந்த வளாகத்தில் ஒரே மேடைமீது வரிசையாக ஐந்து கோயில்கள். தொள்ளாயிரம் வருஷத்துப் பழசு. தொல்லியல் ஆபீஸ் ஆள் வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தது. தாத்தா ராஜா அடக்கமாக ஒன்று கட்டினான். அவனுக்குப் பின்னால் வந்தவனெல்லாம் முந்தினவனைவிட ஒரு ஆள் உயரமாவது ஏற்றிக் கட்டினால்தான் பேர் நிற்கும் என்று கட்டினான். ஐந்தாவது, கடைசிப் பேரன் கட்டியது. எதிலும் சாந்து கிடையாது. பாரம்தான் பசை. கூரைக்குக் கற்களை வரிசை வரிசையாக உள்பக்கம் நீட்டி அடுக்கியிருப்பார்கள். நீட்டிய கல் கவிழாமலிருக்க அதன் வால் சுவருக்குள் புதைந்திருக்கும். வால்மேல் விமானம் ஏறி உட்கார்ந்திருக்கும். மேலே பாரம் அழுத்துகிறவரை கீழே நிற்பவனுக்குப் பயமில்லை.

மேஸ்திரி உள்ளே ஓடினார். கருவறைக்கு முந்திய அறையில் குறுக்கு உத்தரம் இரண்டாக முறிந்திருந்தது. ஒரு பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. மறுபாதி சரிந்து, கீழ்முனை ஒட்டடையின் தொடைமேல், மேல்முனை கூரைக் கற்களுக்கு அடியில் என்று சாய்ந்து கிடந்தது.

"டேய், உசுரோட இருக்கியா?"

"இருக்கேண்ணே. காலுதான் இருக்கா இல்லையான்னு தெரியல. எட்டிப் பாத்துச் சொல்லு."

"எங்கடா போவும்? உன் உடம்புல இருக்குறதே அந்த ரெண்டு குச்சிதான்."

"சிரிக்க வைக்காதண்ணே, வலிக்குது."

நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பதால் அவன் ஒட்டடை. அப்பா போனதும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கல்வேலைக்கு வந்தவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் அந்தக் கையை விட்டதில்லை.

இன்ஜினியரம்மா மூச்சிரைக்க வந்தாள். இந்த இடத்துக்கு மாற்றலாகி மூன்று மாசம்தான் ஆகிறது. டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தவள், "யாரும் அந்தக் கல்லத் தொடாதீங்க" என்றாள்.

மேஸ்திரி அவளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "உன் கல்ல எவன் தொடப் போறான்? நான் என் தம்பியத் தொடப் போறேன்."

"மேஸ்திரி, கூரையத் தாங்குறதே இப்ப அந்தத் துண்டுதான். அத எடுத்தா மொத்தமும் எறங்கும். மணல் லாரிய வரச் சொல்லிட்டேன். அந்தக் காலத்துல உள்ள மணல நெரப்பி, அதுமேல இழுத்துத்தான் கூரைக் கல்ல வச்சிருக்காங்க. அதே மாதிரி மூட்டைய அடுக்கி மேலவரைக்கும் முட்டுக் குடுத்துடுவோம். அப்புறம் ஒடைக்கலாம்."

"அவன?"

"அவரச் சுத்திப் பலகை அடைச்சிடலாம். மூச்சுக்கு வழி விட்டுத்தான் அடுக்குவோம்."

மேஸ்திரிக்கு எல்லாம் நன்றாகவே புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை. இரண்டாவது கோயிலில் சாரம் சரிந்து சித்தாள் ஒருத்தன் செத்தபோது, ஆபீஸ்காரர்கள் வந்ததும் ஃபோட்டோ எடுத்தது அவன் விழுந்ததில் உடைந்துபோன யாளியின் மூக்கை. பிணம் அதுவரை வெயிலில் கிடந்தது. குடித்துவிட்டு வந்தான் என்று எழுதி முடித்தார்கள். அவன் டீகூடக் குடிக்காதவன். அப்போது இருந்த இன்ஜினியர் வேறு ஆள்தான், ஆனால் நாற்காலி அதே நாற்காலி. வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் மேஸ்திரி பேசுவது இதைத்தான். தம்பி பெண்டாட்டி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

இப்போது உயிரோடிருக்கிற ஆளைச் சுற்றி மணலைக் கொட்டி விமானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பலகையாம், மூச்சாம்.

"மூணாவது கோயில்ல உத்தரத்தக் கழட்டுனோம். ஒரு பகல் முழுக்கக் கூரை அசையல. வாலு புடிச்சுக்கும்மா."

"அதுல சுவரு தடி, மேஸ்திரி. இதக் கட்டுன ராஜா ஒசரத்துக்கு ஆசப்பட்டுச் சுவர மெலிசாக்கி, விமானத்தையும் உள்ள கூடா விட்டுட்டான். வாலுமேல பாரமே இல்ல."

"செத்து மண்ணாப் போனவன்மேல பழியப் போடறது உங்க ஆபீசுக்குப் புதுசா?"

லாரி வந்தது. மேஸ்திரி போய் முன்சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். "ஏத்திட்டுப் போ."

"யோவ் பெரியவரே, உன் சண்டையில என்னை ஏன்யா உள்ள தள்ளப் பாக்குற?" டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, தள்ளிப் போய் நின்றான். வேலையாட்களும் மேஸ்திரி பக்கம்தான். ஒரு மூட்டையைக்கூட எவனும் தொடவில்லை. இன்ஜினியரம்மா கும்பிட்டாள், கத்தினாள், கடைசியில் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட ஆபீசுக்கு ஓடினாள்.

மேஸ்திரி எழுந்து சம்மட்டியும் உளியும் ஆப்புகளும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அண்ணே, அந்தம்மா சொல்றது சரியா இருக்குமோ? மேலருந்து பொடி கொட்டிக்கிட்டே இருக்கு."

"எவன் என்ன சொன்னாலும் தலைய ஆட்டு. அன்னைக்கே உன்னை மாட்டுக்குப் பொறந்தவன்னு அப்பா சொன்னாரு."

"அப்ப அவரு யாருன்னு அவரையே கேட்டிருக்கணும்." ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டான். "சரிண்ணே. நீ சொன்னா சரி."

தொடைக்கு ஒரு முழம் மேலே வரிசையாகக் குழி வெட்டி ஆப்பை இறக்கினார். கல் பூசணிக்காய் மாதிரி சுத்தமாகப் பிளந்தது. மேல் துண்டு சரிந்து சுவரோரம் விழுந்தது. கூரை நின்றது. கீழ்த் துண்டைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார். கால் வெளியே வந்தது.

"வந்துடுச்சுண்ணே!"

இரண்டு கையையும் பிடித்துப் பின்னோக்கி இழுத்தார். அவர் வாசற்படியைத் தாண்டியிருந்தார், தம்பி தாண்டவில்லை. முதலில் ஒரே ஒரு கல் இறங்கியது, அவசரமில்லாமல். அதற்குப் பின்னால் எல்லாம் இறங்கின. மேஸ்திரி கையை விடவில்லை. இழுத்துக்கொண்டேயிருந்தார். புழுதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தன்னைவிடப் பலமாக இழுப்பதுபோல இருந்தது அவருக்கு.

உள்ளே மிச்சமிருந்த கற்கள் தொங்கிக்கொண்டிருந்ததால் தீயணைப்புக்காரர்களே மணல் மூட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். இன்ஜினியரம்மா காட்டிய இடத்தில் அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். முட்டு நின்றது. உடலை எடுத்து முடிக்கிறவரை ஒரு கல்கூட அசையவில்லை. மேஸ்திரி அதை முழுக்கப் பார்த்தார்.

தம்பி பெண்டாட்டி வந்து சேரும்போது வாசலிலேயே யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். புருஷன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே போய் இன்ஜினியரம்மாவின் தலைமுடியைப் பிடித்தாள். "உசுரோட மண்ணப் போட்டு மூடப் பாத்தியாமேடி! உன் கல்லுக்கு என் வீட்டு ஆளு கேக்குதா?"

இன்ஜினியரம்மா தடுக்கவில்லை.

"அந்தப் பொண்ண விடும்மா," என்றார் மேஸ்திரி. "அது சொன்னதக் கேட்டிருந்தா இவன் இருந்திருப்பான். லாரிய மறிச்சது நான். கல்ல ஒடச்சதும் நான்."

அவள் கை தளர்ந்தது. திரும்பி, அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஆபீஸ்காரங்க உங்களையும் வாங்கிட்டாங்களா, மாமா?"

"இல்லம்மா. சத்தியமா..."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

கூட இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தன் வந்து, "பெரியவருக்கு அதிர்ச்சி, என்ன பேசுறோம்னே தெரியல" என்று அவரை நகர்த்திக்கொண்டு போனான். அவனிடமும் சொன்னார். அவன் சரி சரி என்று தண்ணீர் கொடுத்தான்.

வேனில் தம்பியை ஏற்றினார்கள். மேஸ்திரி போய்ப் படியில் காலை வைத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அவள் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.