கடலோர வண்டிகளுக்கு இரண்டு பொட்டு

காருக்குள் உட்கார்ந்து மழையைப் பார்ப்பது சொகுசு என்று நினைக்கிறவர்கள் அவளோடு ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் வேலையே அதுதான். கார்த் தொழிற்சாலையின் கடைசிக் கொட்டகையில் கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான கூண்டு ஒன்று உண்டு. ஷவர் என்பார்கள். செய்து முடித்த கார் அதற்குள் வந்து நிற்கும், உள்ளே அவள் டார்ச்லைட்டும் ரிமோட்டுமாக உட்கார்ந்திருப்பாள், அவள் திறந்துவிட்டால் நாலா பக்கமிருந்தும் தண்ணீர் கொட்டும். கதவு ஓரத்து ரப்பரைத் தடவிப் பார்ப்பாள், கூரை மூலையைத் தடவிப் பார்ப்பாள், காலடி விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாள். ஈரம் பட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்துவாள், வண்டி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். படாவிட்டால் கதவுச் சட்டத்தின் உட்பக்கம் பெயின்ட் பேனாவால் ஒரு பொட்டு வைப்பாள். பரிசோதனை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அவளுடையது பச்சை.

ஒழுகும் வண்டிகளைச் சரிசெய்ய அந்தப் பட்டறையில் ஒருவன் இருந்தான். அவனைத்தான் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒழுகாத வண்டிகளும் சில பட்டறைக்குப் போனதாக ஒரு பேச்சு உண்டு. "இதுல எங்க ஒழுகுதும்மா?" என்று அவன் வந்து நிற்பானாம். "நல்லாப் பாருங்க, தெரியும்" என்பாளாம். இதை அவள் ஒப்புக்கொண்டதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் பகலெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலை தெரியும். ரப்பர் பசை பூசிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு, யாரிடமாவது வம்பளந்துகொண்டு இருப்பான். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் பசை வாசனை போகாது. மற்றவர்கள் புதுக் காருக்குள் ஏறி, "ஆகா, புது வண்டி வாசனை!" என்பார்கள். அவளுக்கு அது வீட்டுக்காரர் வாசனை.

அப்புறம் விற்பனை ஏறியது. ஏறியதென்றால் சாதாரண ஏற்றமா! விலையைக் கொஞ்சம் குறைத்தார்கள், பளபளப்பைக் கொஞ்சம் கூட்டினார்கள், ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மாதம் தவறாமல் கேன்டீனில் இனிப்பு கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் முதலாளி குரல் தழுதழுத்தது. லைன் வேகத்தைக் கூட்டினார்கள். ரப்பர் மாட்டுகிறவர்களுக்கு மூலையை அழுத்தி உட்காரவைக்க நேரமில்லாமல் போனது. ஷவரில் தண்ணீர் விழும் நேரத்தையும் பாதியாக்கினார்கள். பாதி மழையில் எந்த வண்டி ஒழுகும்? எல்லாம் சமர்த்தாக நின்றன. சிவப்புப் பொத்தானை அழுத்துவதே அபூர்வமானதும் தரம் உயர்ந்துவிட்டது என்று சொல்லி அதற்கும் ஓர் இனிப்பு கொடுத்தார்கள், கேளுங்கள். கையோடு பட்டறையையும் இழுத்து மூடினார்கள்.

வானத்துக்கு இந்தப் பாதிக் கணக்கெல்லாம் தெரியுமா? அது முழுசாகப் பெய்தது. ஊர் ஊராக ஷோரூம் வாசல்களில் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று கார் வாங்க வந்த வரிசை. மற்றது வாங்கிய காரைக் கொண்டுவந்து, உள்ளே தேங்கிய தண்ணீரைக் காட்டிக் கத்துகிற வரிசை. இரண்டாவது வரிசையைச் சமாளிக்கப் பழைய பட்டறைக்காரர்களைத் திசைக்கு ஒருவராக அனுப்பினார்கள். அவனுக்குக் கடலோரம் விழுந்தது. போய்ச் சேரவே ஒரு முழு நாள் ஆகும். லீவு என்ற பேச்சே கிடையாது.

"புகார் கொறஞ்சதும் கூப்பிட்டுக்குவோம்மா" என்றார் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் "அவசரம், அவசரம்" என்று பறப்பதால் அவருக்கு அந்தக் கொட்டகையில் பெயரே அவசரம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு எந்த அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் தவித்துப் போனாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள், பழக்க தோஷத்தில் அதைப் பார்ப்பாள். வீட்டில் மாமியார், "வரட்டும் அவன். திட்டுறதுக்கு எவ்வளவு சேத்து வெச்சிருக்கேன் தெரியுமா? எல்லாம் மறந்து போறதுக்குள்ள வந்து தொலைக்கச் சொல்லு" என்பாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவன் போன் செய்வான்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. இன்னிக்கு நாலு வண்டில உன் பொட்டு."

"நெஜமாவா!" அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"சந்தோஷப்படாதே. நாலும் ஒழுகித்தான் எங்கிட்ட வந்துச்சு."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. "அந்தப் பொட்டை அழிச்சுடுங்க. மானம் போகுது."

"அழிக்கிறதா? நல்லாச் சொன்னே. அதை ஒரு தடவை தொட்டுட்டுத்தான் ஸ்பேனரையே கையில எடுக்கறேன். சிரிக்காதே." அவனே சிரித்தான். "ஆனா ஒண்ணு. இப்படியே நீ பொட்டு வெச்சு அனுப்பிட்டே இரு, நான் இங்கயே கெடக்கேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள்தான் யோசித்தாள். உண்மைதானே? தொலைதூரத்துக்குப் போகிற வண்டிகள் எல்லாம் அவள் ஷிஃப்டில்தான் போகின்றன. கடலோரம், மலைப்பக்கம், எல்லைப்பக்கம் எல்லாமே அவள் கைதான். ஒழுகுகிற ஒவ்வொரு வண்டியையும் அனுப்பி, புருஷனை அங்கே கட்டிப்போடுகிறவள் அவளேதான்!

மறுநாளிலிருந்து அவள் செய்ததைச் சொல்கிறேன். முன்கண்ணாடியில் வண்டி எங்கே போகிறது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கடலோரத்துக்கு நீலம், மலைப்பக்கத்துக்குக் காப்பி நிறம், எல்லைப்பக்கத்துக்கு மஞ்சள். நீலச் சீட்டு வந்தால் தண்ணீரை ஒரு முறைக்கு இரண்டு முறை திறந்துவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். விரல் நுனியில் ஈரம் பட்டால் போதும், சிவப்புப் பொத்தான்தான். பட்டறை இல்லாததால் அந்த வண்டி ரப்பர் மாட்டுகிறவர்களிடமே திரும்பிப் போய், அவர்களிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு, ஒழுங்காக வந்தது. கடைசியில் இரண்டு பொட்டு. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று வீட்டுக்காரருக்கு.

இதற்கு நேரம் எங்கிருந்து வந்தது? மற்ற நிறங்களிலிருந்துதான். காப்பி நிறச் சீட்டும் மஞ்சள் சீட்டும் வந்தால் விரிப்பைத் தூக்குவதே இல்லை. தண்ணீர் சொட்டி முடிவதற்குள் பொட்டு விழுந்துவிடும். ஷிஃப்ட் முடிவில் வண்டிக் கணக்கு சரியாக இருந்ததால் அவசரமும் வாயைத் திறக்கவில்லை.

ஷவருக்கு வெளியே வண்டியைத் துடைக்கிற அக்காவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "ஏண்டி, நீலச் சீட்டுன்னா குளிப்பாட்டி, தொடச்சு, பொட்டு வெச்சு அனுப்புறே. மத்ததெல்லாம் என்ன, மூத்த தாரம் பெத்த புள்ளைங்களா?"

"சும்மா இரு அக்கா. அவரு வரட்டும். அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாப் பாத்துக்கறேன்."

மற்ற வண்டிகளில் ஏறப்போகிறவர்களை நினைக்கவே இல்லையா என்றால், நினைத்தாள். சில நாள் ராத்திரி தூக்கம்கூட வரவில்லை. காலையில் நீலச் சீட்டைப் பார்த்ததும் மனசு அந்தப் பக்கம் ஓடிவிடும். ஏங்கிக் கிடக்கிற மனுஷியிடம் நியாயம் பேசிப் பாருங்கள், தெரியும்.

மெல்ல மெல்ல போன் பேச்சு மாறியது. "இங்க வேலையே இல்ல. ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கேன்" என்றான். இன்னொரு நாள், "ரெண்டு பொட்டு வண்டி ஒண்ணு வந்துச்சு. வேற ஏதோ வேலைக்கு வந்தது. உள்ள கை வெச்சுப் பாத்தேன், காஞ்சு கெடக்குது. ரெண்டாவது பொட்டு யாருக்கு?" என்றான்.

"யாருக்கோ" என்றாள் அவள்.

மாமியார் மெத்தையை வெயிலில் போட்டாள். அலமாரியில் அவன் தட்டைத் தேடி எடுத்துக் கழுவினாள். கேட்டால், "தூசி" என்றாள்.

அப்போதுதான் ஒரு நாள் அவசரம் வாயெல்லாம் பல்லாக, கையில் இனிப்புப் பெட்டியோடு ஓடிவந்தார். "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ! கடலோரத்துல ஒழுகல் புகாரே நின்னு போச்சு. உன் வீட்டுக்காரர் கை தங்கக் கைம்மா!"

அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். "அப்ப எப்ப சார் வர்றாரு?"

"எங்க?"

"இங்க. வீட்டுக்கு."

"நல்ல கதையா இருக்கே! மலைப்பக்கத்துல புகார் எகிறிப் போய் மானம் கப்பலேறுது. வண்டியும் அங்கதான் அதிகமா விக்குது. அவரைத்தான் அனுப்பணும்னு மேலேயே சொல்லிட்டாங்க. அவர் கை பட்டாத்தான் சரியாகுமாம். நாளைக்கே கெளம்பறாரு."

இனிப்பு அவள் கையிலேயே பிசுபிசுத்தது. மலைப்பக்கம் என்றால் காப்பி நிறச் சீட்டு. விரிப்பைத் தூக்காமல் அவள் அனுப்பிய வண்டிகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து, அவளுக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டுக்கொண்டன. கடலோரத்துக்கு ஒரு நாள் பயணம் என்றால் மலைப்பக்கத்துக்கு இரண்டு.

மதியம் போன் வந்தது. "கேள்விப்பட்டியா? மேலதிகாரி கூட்டத்துல என்னை எழுந்து நிக்கச் சொல்லிக் கைத்தட்டினாங்க. நான் என்னத்தக் கிழிச்சேன்னு எனக்கே புரியல. வண்டிங்க காஞ்சுதான் வந்துச்சு. சரி, நம்ம கை ராசின்னு நெனச்சுக்கிட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "வீட்டுக்குன்னு நெனச்சுப் பையெல்லாம் கட்டிட்டேன்டி. அம்மாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது."

ஒரு நாளும் யாரும் கைத்தட்டாத மனுஷன். அதைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. "அது ராசி இல்லீங்க" என்று ஆரம்பித்து நீலச் சீட்டு, இரண்டு முறை தண்ணீர், மற்ற நிறங்களில் திருடிய நேரம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழுகையும் கூடவே வந்தது.

அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது.

"மலைப்பக்கத்துல ஒரு வண்டிக்குள்ள தண்ணி போய், ஒயர் நனைஞ்சு, கொண்டை ஊசி வளைவுல விளக்கெல்லாம் அணைஞ்சு போச்சாம்" என்றான். "புள்ளைங்க இருந்திருக்காங்க. ஒண்ணும் ஆகல."

"அது என் பொட்டா?"

"தெரியல. போய்த்தான் பாக்கணும்." திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரகசியம் போலக் கேட்டான்: "ஏய், இனிமே மலைப்பக்கத்துக்கு ரெண்டு பொட்டு வைக்கிறியா? சீக்கிரம் வந்துடறேன்."

அவள் போனை வைத்தாள். சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. மலைப்பக்கம் காய்ந்தால் எல்லைப்பக்கம் நனையும். எல்லைப்பக்கத்தைக் காய வைத்தால் கடலோரம் மறுபடி நனையும். தங்கக் கைக்காரனை ஒவ்வொரு இடமாக ஓட்டுவார்கள். அவள் பாட்டுக்கு நிறம் பார்த்துக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கலாம், மாமியார் பாட்டுக்குத் தட்டைக் கழுவிக்கொண்டே இருக்கலாம்.

சாப்பாட்டு நேரம் முடிந்து முதல் வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் விழுந்து நின்றது. மறுபடி திறந்தாள். விரிப்பைத் தூக்கினாள். மூலையில் சின்னதாக ஈரம் இருந்தது. சிவப்பை அழுத்தினாள். அடுத்த வண்டிக்கும் இரண்டு முறை தண்ணீர் விட்டாள். அதற்கடுத்ததற்கும் அப்படியே. பின்னால் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. லைன் நின்றதற்கான மணி கொட்டகை முழுக்க அலறியது. துடைக்கிற அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அவசரம் ஓடிவந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் பாதி இறக்கினாள்.

"என்னம்மா பண்றே? லைனே நிக்குது! எந்த ஊர்ச் சீட்டு அது? ரொம்ப முக்கியமான வண்டியா?"

"சீட்டைப் பாக்கல சார்."

"பாக்காம எதுக்கு எல்லா வண்டியையும் பிடிச்சு வெச்சிருக்கே? வேலை போயிடும், ஆமா!"

"போகட்டும் சார்." அவள் குரல் உடைந்தது. "அடுத்து அவரை எங்க அனுப்புவீங்கன்னு எனக்குத் தெரியாதே."

கண்ணாடியை ஏற்றிவிட்டு, மறுபடி தண்ணீரைத் திறந்தாள்.