சுகமானாய் என்று சொன்னவள்

சந்திரகலா இருமி முடித்து முந்தானையை வாயிலிருந்து எடுத்தபோது, எதிரே உட்கார்ந்து பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்த காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். வெள்ளைச் சேலையில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு சிவப்பு. சந்திரகலா அவசரப்படாமல் அந்த இடத்தை மடித்து, மடிப்புக்குள் மடிப்பாக இடுப்பில் செருகிக்கொண்டு முறத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். மல்லாட்டை மண்டியில் பதினாறு பெண்கள் வேர்க்கடலைப் பருப்புக் குவியல்களுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாரும் கவனிக்கவில்லை. தொலி பறக்கிற அந்தக் கொட்டகையில் இருமல் ஒரு விஷயமே கிடையாது. காலையில் ஒருத்தி ஆரம்பித்து வைத்தால் சாயங்காலம் வரை முறைபோட்டுக்கொண்டு எல்லாரும் இருமுவார்கள்.

"இன்னா சந்திரா அது?"

"வெத்தல போட்டங்க்கா."

பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து வெள்ளைச் சேலைக்கு மாறிய நாளிலிருந்து சந்திரகலா வெற்றிலையைத் தொட்டதில்லை. பொட்டு, பூ, மூக்குத்தி எல்லாவற்றையும் விட்டபோது அதையும் விட்டவள். அது காசியம்மாளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது சந்திரகலாவுக்கும் தெரியும். இருவரும் குனிந்து பருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். காசியம்மாளின் விரல்கள் பார்க்காமலே சொத்தையைத் தள்ளிவிடப் பழகியவை. அன்று அவை எதைத் தள்ளின, எதை விட்டன என்று அவளுக்கே தெரியாது. நாலு மாதத்துக்கு முன்பு தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தை நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

அது 1979ஆம் வருஷம். காசியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் முருகையன் பெங்களூரில் வேலை என்று போனவன் போனவன்தான். எழுத்து தெரியாது. மண்டியில் அவளிடம் ஒரு பேச்சு கேட்டவர் கிடையாது. "ஏய்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அத்தோடு சரி. யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனவள், அங்கே ஒருவர் தன்னை "சகோதரி" என்றதும் அழுதுவிட்டாள். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

செங்கம் ரோட்டுக்குப் போகிற சந்தில், சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறைதான் சபை. மலைப்பக்கத்து ஜன்னலை பாஸ்டர் ராஜமாணிக்கம் வேண்டுமென்றே திறப்பதில்லை என்று கீழே கடைக்காரன் கேலி பேசுவான். உண்மையில் அதன் கீல் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. முப்பது பேர் வருவார்கள். அவர்களில் ஆவியின் வரம் பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று இரண்டு சாதி. அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் பாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெறாதவர்கள் கடைசிப் பாயில், பரீட்சையில் தவறிய பிள்ளைகள் மாதிரி குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். காசியம்மாளும் இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தாள்.

தையல்காரர் விதவை மணியம்மாளுக்கு ஆவியில் நிறைந்தால் அந்நிய பாஷை, யாருக்கும் புரியாத ஒரு மொழி, வரும். ஆனால் ஒருவர் அந்நிய பாஷையில் பேசினால், அதன் பொருளை வியாக்கியானம் செய்ய இன்னொருவர் வேண்டும். சொல்ல ஆளில்லை என்றால் பேசாமல் அடங்கி உட்கார வேண்டும். இது பாஸ்டரின் கண்டிப்பு. அந்தக் கிழவியும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து அடக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளுக்கு அடக்க முடியவில்லை. அவள் பேசி ஓய்ந்ததும் கடைசிப் பாயிலிருந்து காசியம்மாள் எழுந்து நின்றாள். நெஞ்சு கொதித்தது. "என் ஜனமே, கலங்காதிருங்கள், நான் உங்களை மறந்ததில்லை" என்று வாய் பேசியது. மண்டியில் "இன்னாடி", "போடி" என்று பேசுகிற வாய்! அந்தத் தமிழ் அவளுடையதே அல்ல. அறையே அழுதது. அடுத்த வாரம் அவளை முன்பாய்க்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த முதல் நாள் வந்தது உண்மை. அதைக் காசியம்மாள் செத்தாலும் மறுக்கமாட்டாள். பிறகு சில வாரம் வந்தது, சில வாரம் வரவில்லை. வராத நாளில் முப்பது முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சும்மா நிற்பது? பிரசங்கத்தில் கேட்டது, பாட்டில் கேட்டது, இரண்டையும் சேர்த்து அந்தத் தமிழிலேயே நாலு வார்த்தை சொல்லிவிடுவாள். நல்ல வார்த்தைகள்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

சந்திரகலாவைச் சபைக்கு அழைத்து வந்தவளே அவள்தான். இருபத்தாறு வயதுப் பெண், இரண்டு பெண்குழந்தைகள், மூட்டை தூக்குகிற இருசப்பனின் மனைவி. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, டிபி என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொல்லித் தினம் ஊசி போட்டார்கள். மூன்று வாரத்தில் அந்த ஊசியாலேயே இடுப்பு வீங்கி, காதில் ஓயாமல் இரைச்சல் கேட்டு, நடந்தால் தலை சுற்றி, துரும்பாகிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மணியம்மாள் அவள் தலையில் கைவைத்துப் பாஷை பேசினாள். பேசி முடித்ததும் அறை அமைதியானது. சந்திரகலா முழங்காலில் இருந்தபடி முகத்தைத் தூக்கிக் காசியம்மாளைப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சூடில்லை, ஒரு சொல்லில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. பாசம்தான், வேறொன்றுமில்லை. "மகளே, உன் வியாதியை நான் எடுத்துப்போட்டேன். நீ சுகமானாய்" என்றாள்.

மறுநாளிலிருந்து சந்திரகலா ஊசிக்குப் போகவில்லை. காது இரைச்சல் நின்றது, முகம் தெளிந்தது. அடுத்த மாதம் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். அதைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் புதிதாக வந்து சேர்ந்தன. காசியம்மாளும், ஒருவேளை அது மெய்யாகத்தான் இருக்குமோ என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

அன்று வேலை விட்டதும் அவள் சந்திரகலாவை மண்டிக்குப் பின்னால், வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"சந்திரா, அன்னிக்கு நீ சுகமாயிட்டேனு சொன்னது நானா சொன்னது. எனக்கு ஒண்ணும் வரல. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

சந்திரகலா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"உனக்கு அப்பிடிப் பேசத் தெரியுமாக்கா? எங்க, இப்போ பேசு பாப்போம். அது உன் பேச்சே இல்ல. எனக்குத் தெரியும்."

"கேட்டுக் கேட்டு வந்துடுச்சிடி."

"வேணாங்க்கா. என்னைச் சோதிக்கத்தான் உன் வாயில இப்பிடி வருது. கொற எங்கிட்டதான். போன மாசம் புள்ளைக்கு ஜொரம்னு மாமியா மந்திரிச்சிக்கினு வந்த கயித்த அறுத்துப் போடாம வுட்டுட்டேன். அதான் வியாதி திரும்பிக்கினு இருக்குது. உபவாசம் இருந்தா சரியாப் போயிடும்."

இரண்டு நாளாக அவள் சோறு தின்னவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த உடம்புக்கு உபவாசமா! காசியம்மாளுக்கு அவளை இரண்டு அறை அறைய வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

வியாழக்கிழமை இருசப்பன் காசியம்மாள் வீட்டுக்கே வந்தான். அவனுக்குச் சபையும் கிடையாது, கோயிலும் அவ்வளவாகக் கிடையாது. வாசலில் நின்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"யக்கா, ரத்தமா துப்புறா. டாக்டர் சொன்னாலும் கேக்கல, நான் கால்ல வுழுந்தாலும் கேக்கல. நீங்க அங்க ஒரு கொரல்ல பேசுவீங்களாமே. அந்தக் கொரல்லயே ஊசி போட்டுக்கோனு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஓடுவா."

"அது அப்பிடியெல்லாம் சொல்லக்கூடாதுப்பா."

"முன்ன சொன்னீங்களே," என்றான் இருசப்பன். குத்திக் காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அது தைத்தது.

அவன் போனதும் அவள் பாஸ்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். ராஜமாணிக்கம் நல்ல மனிதர். சபையில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பவர். சந்திரகலாவிடம் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னதாகவும், "ஐயா, நீங்களே அவிசுவாசமா பேசலாமா" என்று அவள் கேட்டதும் தனக்கு வாய் அடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"காசிம்மா, நீ சபையில எழுந்து அது பொய்னு சொன்னா, மீதி எல்லாத்தயும் ஜனங்க இன்னானு நெனைப்பாங்க? மணியம்மா பேசறத? நான் பேசறத?"

"தெரியலிங்க ஐயா."

"உன்னையும் இன்னானு நெனைப்பாங்க?"

அதைத்தான் அவள் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். மண்டியில் ஏய், சபையில் சகோதரி. அந்த ஒரு அறையில், வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அவள் ஆளாக இருந்தாள். பாஸ்டர் அவளுக்காக ஜெபித்தார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறை நிறைந்திருந்தது. சந்திரகலா சுவரில் சாய்ந்து, புடவையை இறுகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பாட்டு முடிந்து கஞ்சிரா ஓய்ந்தபோது மணியம்மாளுக்குப் பாஷை வந்தது. நெடுநேரம் பேசினாள், வேர்த்து விறுவிறுத்துப்போய் உட்கார்ந்தாள். எல்லாரும் காசியம்மாளின் பக்கம் திரும்பினார்கள்.

அவள் எழுந்து நின்றாள். ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் நீரே பேசிவிடும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. இருசப்பன் சொன்ன வழி நினைவுக்கு வந்தது. எவ்வளவு சுலபம்! யாருக்கும் தலைகுனிவில்லை, பாஸ்டருக்குச் சங்கடமில்லை. உயிரைக் காப்பாற்றச் சொல்கிற பொய்யை ஆண்டவர் மன்னிக்காமலா போய்விடுவார்? அவள் கண்ணை மூடி, குரலை அந்த உயரத்துக்குத் தூக்கினாள்.

"மகளே..."

ஆமென் என்று நாலைந்து பேர் முனகினார்கள். காசியம்மாள் கண்ணைத் திறந்தபோது சந்திரகலா இரண்டு கையாலும் தரையை ஊன்றி முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்த அதே முகம், இப்போது பாதியாக இளைத்த முகம், அடி வாங்கத் தயாரான பிள்ளையைப் போல அவளை அண்ணாந்து பார்த்தது. இவள் ஊசிக்குப் போவாள், பிழைத்தும் போவாள், ஆனால் கொடுத்த சுகத்தை ஆண்டவர் தன் குற்றத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று சாகிறவரைக்கும் நம்பிக்கொண்டிருப்பாள் என்று காசியம்மாளுக்கு அந்த நொடியில் புரிந்தது. தூக்கிய குரல் தானாக இறங்கிவிட்டது.

"சந்திரா, நான் காசியம்மா பேசறேன்டி," என்றாள். மண்டிப் பேச்சு அந்த அறையில் கரகரவென்று கேட்டது. "இன்னிக்கு எனக்கு ஒண்ணும் வரல. அன்னிக்கும் வரல. உன் மூஞ்சியப் பாத்தேன், மனசு கேக்கல, நானா சொல்லிட்டேன். ஆண்டவரு உங்கிட்ட எதயும் குடுக்கவும் இல்ல, புடுங்கிக்கவும் இல்ல. கயித்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தப்பு பண்ணவ நானு. நீ இல்ல."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மணியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புதிதாக வந்த குடும்பத்துக்காரர் மனைவிக்குக் கண்ஜாடை காட்டி எழுந்தார். பாஸ்டர் வேதப்புத்தகத்தைத் திறந்தார், மூடினார். சந்திரகலா சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கிப்போனாள்.

திங்கட்கிழமை காலை காசியம்மாள் மண்டிக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். எட்டு மணிக்கு வரிசை தொடங்கியது. ஒன்பதாயிற்று. ஒன்பதரைக்கு மேல் சந்திரகலா தனியாக வந்தாள். காசியம்மாளைப் பார்த்தாள். வரிசையில் நாலு பேருக்கு அப்பால் போய் நின்றுகொண்டாள். நர்ஸம்மா அவளைத் திட்டுதிட்டென்று திட்டினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தொண்ணூறு ஊசி, ஒருநாள் விடக்கூடாது என்றாள். சந்திரகலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் காசியம்மாளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே யாரு சொன்னா நான் நம்பறது? அத்தச் சொல்லு."

காசியம்மாள் வாயைத் திறந்தாள். எந்தத் தமிழிலும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சந்திரகலா கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

வெயில் ஏறியிருந்தது. ஊசி போட்ட பக்கம் காலைச் சாய்த்துச் சாய்த்து சந்திரகலா முன்னால் போனாள். பத்தடி விட்டுக் காசியம்மாள் பின்னால் போனாள். பெரிய கடைத்தெரு முனையில் சந்திரகலாவுக்கு இருமல் வந்தது. லாந்தர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளும் நின்றாள். பஸ் ஒன்று இருவருக்கும் நடுவில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. புழுதி அடங்கியதும் சந்திரகலா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஆனால் வேகமாக நடக்கவில்லை. இவளும் அந்தப் பத்தடியைக் கூட்டாமல் குறைக்காமல் பின்னால் நடந்தாள்.