இரண்டு கையும் ஒரே மாதிரி

ஸ்கேன் அறையில் விளக்கைக் குறைத்துவிட்டு, அவள் தன் கணவனின் வலது மோதிர விரலில் ஜெல்லைத் தடவினாள். நேற்று பயிற்சிச் சுவரில் தொங்கியபோது அந்த விரலுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டதாம். நாளை விடிந்ததும் அவனும் அவள் தம்பியும் ஒரே கயிற்றில் பாறை ஏறப் போகிறார்கள். போகலாமா கூடாதா என்று இந்தத் திரைதான் சொல்ல வேண்டும். தம்பி வெளியே பெஞ்சில் காத்திருந்தான்.

“மெதுவா. இது பொண்டாட்டி கையா, போலீஸ் கையா?”

“வாயை மூடிக்கிட்டு விரலை மடக்குங்க. என் கையை அழுத்துங்க.”

அழுத்தினான். திரையில் தசைநாண் எலும்பை விட்டு எழும்பியது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வளையம் அறுந்தால்தான் இப்படி இடைவெளி விழும்.

“இன்னொரு கையையும் பாரு. அதானே உங்க வழக்கம்?”

வழக்கம்தான். அடிபடாத விரலோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். இடது மோதிர விரலையும் பார்த்தாள். அச்சு அசலாய் அதே இடைவெளி.

“பாத்தியா? என் உடம்பு வாகே அப்படி. எங்கம்மாகிட்ட போய்க் கேளு.”

அவளும் சிரித்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. எடுக்கப் போன கருவி பக்கத்து நடுவிரலின் மேல் ஒரு கணம் நின்றது. அவன் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தான். அங்கே நாண் எலும்போடு ஒட்டிப் படுத்திருந்தது. வலது நடுவிரலிலும் அப்படியே. உடம்பு வாகு என்றால் எல்லா விரலிலும் அல்லவா இடைவெளி இருக்க வேண்டும்?

அவள் சிரிப்பு நின்றது.

“இடது கையில எப்போ அறுந்துச்சு?”

அவன் கையை உருவிக்கொண்டான்.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“போன வருஷம் விழுந்தேனே, அன்னைக்கு.”

அன்றைக்கு மேலே ஏறியவன் இவன். கீழே கயிறு பிடித்தவன் தம்பி. விழுந்தவன் மோதியதில் தம்பியின் தோள் எலும்பு உடைந்தது. நீ கயித்தை வெடுக்குன்னு இழுத்துட்ட, அதான் வழுக்கினேன் என்றான் இவன். போகட்டும் விடு மச்சான் என்று பெருந்தன்மையாய் மன்னித்தும் விட்டான். அதிலிருந்து இவனைக் கண்டாலே தம்பி கூனிக் குறுகுவான்.

“அப்போ அவன் இழுக்கவே இல்ல.”

“விரல் போனது வெளிய தெரிஞ்சா என்னை யாரு கயித்துல சேர்ப்பாங்க? இங்க பாரு, ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்குன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடு. அது பொய் இல்லையே.”

அவள் போய்க் கதவைத் திறந்தாள். தம்பி எழுந்தான்.

“என்னக்கா, மாமா வர்றாரா? பையைக் கட்டவா?”

“ரெண்டு கையிலயும் விரல் நாணைப் பிடிக்கற வளையம் அறுந்திருக்குடா. இடது கையில போன வருஷம், பாறையிலேயே. அதனாலதான் விழுந்திருக்காரு.”

தம்பி அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான்.

“மாமா, நான் கயித்தை இழுக்கலதானே?”

ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிராமல், இல்லை என்று தலையசைத்தான்.

தம்பி கோபப்படவில்லை. பட்டிருந்தாலாவது தேவலை. மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான்.

“ஒரு வருஷமா கண்ணை மூடினா அந்தக் கயிறுதான்க்கா வரும்,” என்றான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளிருந்து கணவன், விரலுக்குக் கட்டுப் போடணுமா என்று கேட்டான். இருவரும் திரும்பவில்லை.