இரண்டு பெயர், ஒரே பலகை

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆலிவ் தோப்புகளுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மின்பலகைகளை ஸீ ஜலூல் இரண்டு பெயர்களில் விற்றார்: ஸைத்தூன், ஸைத்தூன் ராயல். ராயலுக்குப் பொன்னிறப் பெட்டி; விலை ஒன்றரை மடங்கு. உள்ளே ஒரு திருகாணிகூட வேறுபடாது. இதற்கு வாணிகம் என்று பெயர் சூட்டியவன் எவனோ!

அவரிடம் பொறியாளராக இருந்த சிஹெமுக்கு அதைவிடப் பெரிய ஆற்றாமை ஒன்று இருந்தது. கடிகாரச் சில்லு வீண்செலவு என்று முதலாளி நீக்கிவிட்டார். மின்சாரம் போய்வந்தால் பலகை 1970 ஜனவரி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். விடியற்காலை என்றெண்ணி உச்சிவெயிலில் நீர் பாய்ச்சும். தோப்புக்காரர்களின் வசவெல்லாம் அவள் கைப்பேசிக்கே வந்தது.

இந்நிலையில் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஹாஜ் மெஹ்ரெஸ் ஒரு நிபந்தனை விதித்தார். “நாளைக்கு நீ கடையை மூடிட்டா எங்க கதி என்ன? ரெண்டு பலகையும் உலகமே சேந்து பராமரிக்கற லினக்ஸ்ல ஏறட்டும், அப்புறம் வாங்கறோம்.”

அதற்கு, பலகையில் எந்த உறுப்பு எங்கே உள்ளது என்று விவரிக்கும் கோப்புகளை எழுதி, உலகமே படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பவேண்டும். விதிகள் கறாரானவை: கோப்பின் பெயரில் முதலில் மையச் சில்லு, பிறகு பலகை, ஒரு பலகைக்கு ஒரு கோப்பு, பொதுவானவை பொதுக்கோப்பில்.

ஒரே விவரத்தை இரு கோப்புகளிலும் நிரப்பி மழுப்பியிருக்கலாம். சிஹெமோ விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாள். அனைத்தும் பொதுக்கோப்புக்குப் போயின. மற்ற இரண்டிலும் எஞ்சியவை பெயர்கள் மட்டுமே.

மறுநாளே நார்வேயிலிருந்து ஊல்ஃப் என்ற சரிபார்ப்பாளர் எழுதினார்: “பெயர்கள் இரண்டு, பலகை ஒன்றுதானே? வேறுபாடு என்ன?”

ஹரிசா மிளகாய் விழுது தடவிய ரொட்டியும் கையுமாக ஸீ ஜலூல் ஓடிவந்தார்.

“பொன்னிறப் பெட்டின்னு எழுதேம்மா!”

“பெட்டிக்கெல்லாம் அங்க இடமில்ல, ஸீ ஜலூல். உள்ள என்ன இருக்குன்னுதான் கேக்கறாங்க.”

“அப்ப ராயல்ல கடிகாரம் இருக்குன்னு எழுதிவிடு. எவன் திறந்து பாக்கப்போறான்?”

“பலகையே பாக்கும். கோப்புல சொன்ன கடிகாரத்தைத் தேடும். கிடைக்கலேன்னா ‘காணோம்’னு வாங்கினவன் கண்ணு முன்னாலயே எழுதிக் காட்டும்.”

“நான் செஞ்ச பலகையே என்னைக் காட்டிக்கொடுக்குமா?”

“அது இன்னும் பொய் சொல்லப் பழகலையே.”

முதலாளி ரொட்டியைக் கடித்தார், மெல்ல மறந்தார்.

“சரி, அந்தக் கடிகார எழவை வெச்சுத் தொலை. ராயலுக்கு மட்டும்தான்!”

“ஏற்கெனவே வித்த ராயலுக்கும் வெக்கணும்.”

“பழசுக்குமா? எதுக்கு?”

“அதுக்கும் அதே பேருதானே? ஒரு பேருக்கு ஒரு கோப்புதான்.”

அவர் வாயிலிருந்ததை விழுங்குவதற்குள் பதிலை அனுப்பிவிட்டாள்: “ராயலில் கடிகாரம் உண்டு, ஸைத்தூனில் இல்லை. விற்ற ராயல்களுக்கும் பொருத்தித் தருவோம்.” ஊல்ஃப் ஒரே வரியில் ஏற்றுக்கொண்டார்.

நண்பகலில் ஹாஜ் மெஹ்ரெஸ் அழைத்தார். முதலாளி ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“நீங்க எழுதினதை இங்க படிச்சுக் காட்டினாங்க, ஜலூல். எங்களுக்கு எல்லாமே ராயலாக் கொடு. தங்கப்பெட்டி வேணாம், சாதாப் பெட்டியே போதும். உள்ள ரெண்டும் ஒண்ணுன்னு இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமப் போச்சு பாரு! அதனால விலையும் சாதாப் பெட்டி விலைதான்.”

ஸீ ஜலூல் சிஹெமைப் பார்த்தார். அவளோ கடிகாரச் சில்லுகளுக்கான கொள்முதல் ஆணையில் எண்ணிக்கையைக் கூட்டித் திருத்திக்கொண்டிருந்தாள்.