இரண்டாவது நடை

ஹார்லன் டில்லுக்கு வயது அறுபத்தொன்று. ரத்த அழுத்தத்துக்காக அவர் விழுங்கும் மாத்திரை மணிக்கொரு தரம் அவரைக் கழிப்பறைக்குத் துரத்தும். அன்று பேஸ்பால் பிளே ஆஃபில் அந்தச் சுற்றின் கடைசி ஆட்டத்தை ஃபோர்ட் ஆலன் அணி ஜெயித்தது அந்த மாத்திரையால்தான். ஊரோ அதை மேனேஜர் ஹார்லனின் மூளை என்று கொண்டாடியது. அவரும் மறுக்கவில்லை. அங்கேதான் அவர் கெட்டார்.

ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. உடை மாற்றும் அறையில் அலமாரிகளை எல்லாம் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுப் பயல்கள் ஷாம்பெயினைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹார்லன் தன் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நனைந்த காலுறையைக் கழற்றிக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பிழியவும் தோன்றவில்லை, போடவும் தோன்றவில்லை. ஜெயித்தவன் முகத்தில் இருக்க வேண்டிய எதுவும் அவர் முகத்தில் இல்லை.

ட்வைட் ஸ்ட்ராடருக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு காலத்தில் பெரிய லீகில் பந்து வீசியவன். பதினொரு வருடமாக ஹார்லனின் அணியில் இருக்கிறான். இந்த சீசனோடு சரி என்று சொல்லிவிட்டான். அவனுக்கு ஒரே ஓர் ஆசை மிச்சம் இருந்தது. ஒன்பது இன்னிங்ஸையும் யாரும் நடுவில் எடுத்துவிடாமல், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரைக்கும் தானே வீசி ஓர் ஆட்டத்தை முடிக்க வேண்டும். இப்போதெல்லாம் அதை யார் விடுகிறார்கள்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தொண்ணூறு பந்தானதும் எடு என்கிறார்கள். எடுத்துவிட வேண்டியதுதான். அவன் அப்பா மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மகன் கடைசியாக வீசுவதைப் பார்க்க ஏழு மணி நேரம் காரில் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று காலை உணவகத்தில் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றுகொண்டே ஹார்லன் அவனுக்கு வாக்குக் கொடுத்தார்.

“நீயா என் கையில பந்தைக் குடுத்தாத்தான் வாங்குவேன். நானா வந்து கேக்க மாட்டேன்.”

“மேலேர்ந்து நிர்வாகி ப்ரெண்ட் கத்துவானே?”

“கத்தட்டும். தொண்டை அவனோடது.”

ட்வைட் சிரித்தான். “எழுதிக் குடுய்யா. உனக்கு வயசாச்சு, மறந்துருவ.”

“போடா. உன் பொண்டாட்டி பேரே உனக்கு மறந்துபோச்சுன்னு ஊரே சிரிக்குது.”

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஹார்லன் அதை மனதாரத்தான் செய்தார். அதில் சந்தேகம் வேண்டாம்.

எட்டு இன்னிங்ஸ் ட்வைட் வீசினான். வேகம் இல்லை, வித்தை இருந்தது. மட்டை வீசுகிறவன் எங்கே எதிர்பார்க்கிறானோ அங்கே மட்டும் பந்து போகாது. இரண்டுக்கு ஒன்று என்று ஃபோர்ட் ஆலன் முன்னிலை. இன்னும் மூன்று அவுட் எடுத்தால் அடுத்த சுற்று. ட்வைட்டுக்கோ அவன் ஆசை. அவன் ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் பந்து வீசும் மேட்டின் மேல் ஏறி நின்றபோது கூட்டம் எழுந்து நின்றது. ஹார்லனும் எழுந்தார். அவர் எழுந்தது கழிப்பறைக்கு ஓட.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். ஓர் இன்னிங்ஸில் மேனேஜரோ பயிற்சியாளரோ மைதானத்துக்குள் போய்ப் பந்து வீசுகிறவனிடம் ஒரு தடவை பேசலாம். அதே இன்னிங்ஸில் இரண்டாவது தடவை யார் போனாலும், பந்து வீசுகிறவன் ஆட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும். வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் கணக்கில் சேர்ந்துவிடும். கெஞ்சினாலும் அம்பயர் விடமாட்டார். பள்ளிக்கூட ஆட்டத்தில்கூட அந்தத் தப்பை யாரும் பண்ணுவதில்லை. வீசுகிறவனை எடுக்க நினைக்கும் மேனேஜர்தான் இரண்டாவது தடவை நடப்பார். அவர் நடந்தாலே கூட்டத்துக்குப் புரிந்துவிடும்.

ஹார்லன் கழிப்பறையில் நின்றுகொண்டிருந்தபோது முதல் ஆள் பந்தை அடித்து முதல் தளத்துக்குப் போய்விட்டான். பந்துவீச்சுப் பயிற்சியாளர் லானி, மேனேஜரைத் தேடிப் பார்த்துவிட்டு, தானே மேட்டுக்குப் போய் ட்வைட்டிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினான். அது முதல் நடை. ஹார்லன் ஜிப்பை இழுத்துக்கொண்டு, அணி உட்காரும் டக்அவுட்டுக்கு வந்தபோது அடுத்த ஆள் மட்டையோடு நின்றிருந்தான். லானி ஏதோ சொன்னான். ஏழாயிரம் பேர் கத்துகிற கத்தலில் எதுவும் கேட்கவில்லை. ஹார்லன் தலையை மட்டும் ஆட்டினார். கேட்காததற்குத் தலையாட்டுவது அவருக்கு நாலைந்து வருடமாகவே பழக்கம்.

அந்த ஆள் அவுட். அதற்கடுத்தவன் அடித்துவிட்டான். இப்போது இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள். ட்வைட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அவன் அவசரப்படுகிறான் என்று ஹார்லனுக்குத் தோன்றியது. ஒரு நிமிடம் மூச்சு வாங்க விட்டு, ஒரு கேலி பேசி, தோளைத் தட்டிவிட்டு வந்தால் சரியாகிவிடுவான். லானி சுவர்ப் பக்கம் திரும்பி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். ஹார்லன் படியேறி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடந்தார்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. பிறகு ஊளையிட்டது. ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் அந்த மனிதர் நடந்தார்.

மேட்டை எட்டியதும் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் ட்வைட் அவர் உள்ளங்கையில் பந்தை வைத்து அழுத்தினான். முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்விட்டான். பின்னாலேயே வந்த அம்பயர் கேட்டார்.

“லானி ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாரு. அடுத்து யாரு? வலதா, இடதா?”

அப்போதுதான் ஹார்லனுக்கு உறைத்தது. ‘ஐயோ, தெரியாமல் வந்துவிட்டேன்’ என்று ஏழாயிரம் பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னாலும் விதி விதிதான். அவர் இடது கையைத் தட்டிக் காட்டினார்.

இடக்கைக்காரப் பயல் ஓடி வந்தான். உடம்பு சரியாகச் சூடேறக்கூட இல்லை. முதல் பந்தையே இடுப்பு உயரத்துக்கு, அடி என்று சொல்லிக் கொடுத்த மாதிரி போட்டான். எதிராளி வெளுத்தான். பந்து நேராக மூன்றாம் தளத்துக்காரன் கையுறைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அவனே ஆடிப்போனான். தளத்தை விட்டு ஓடியிருந்தவன், பந்து பிடிபட்டதால் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும்; அவன் திரும்புவதற்குள் பந்து இரண்டாம் தளத்துக்குப் பறந்தது. ஒரே பந்தில் இரண்டு அவுட். ஆட்டம் முடிந்தது. அரை அடி தள்ளிப் போயிருந்தால் ஹார்லனை ஊரே கிழித்துத் தொங்கவிட்டிருக்கும்.

கதவு திறந்தது. அணியின் நிர்வாகி ப்ரெண்ட், தலையிலிருந்து ஷாம்பெயின் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். ஹார்லனைவிட இருபத்தைந்து வயது சின்னவன்.

“உண்மையச் சொல்றேன், ஹார்லன். இந்த வருஷத்தோட உங்களை அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். வயசானவனுங்ககிட்ட உங்களுக்குப் பாசம் ஜாஸ்தி. இன்னிக்கு என் வாயை அடைச்சிட்டீங்க. இன்னும் ரெண்டு வருஷம் நீங்கதான். திங்கக்கிழமை அறிவிச்சிடலாம். வாங்க, பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க.”

ஹார்லன் ஈரக் காலுறையைப் போட்டுக்கொண்டு போனார்.

விளக்கு, மைக், இருபது முகங்கள். முதல் வரிசையில் இருந்த பெண் நிருபர் கேட்டாள்.

“ரெண்டே அவுட் பாக்கி. ட்வைட் தொடர்ந்து வீசணும்னு ஊரே நினைச்சுது. அவரை எடுக்குற தைரியம் எங்கேர்ந்து வந்தது?”

ஹார்லன் வாயைத் திறந்தார். ‘லானி போனது எனக்குத் தெரியாதும்மா’ என்ற வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. சொல்லியிருந்தால் அறை சிரித்திருக்கும். ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். கதவோரம் ப்ரெண்ட் கைகட்டி நின்றான். இந்த வயதில் வேறு எந்த அணி கூப்பிடப்போகிறது? வீட்டில் உட்கார்ந்து புல் வெட்ட வேண்டியதுதான்.

“மனசு சொல்லிச்சு” என்றார்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் விடவில்லை.

“அவர்கிட்ட என்ன பார்த்தீங்க?”

பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் வேண்டியிருந்தது.

“கை தளர்ந்துபோச்சு. அதுகூடப் பரவாயில்லை. கண்ணுல பயம் தெரிஞ்சுது. இத்தனை வருஷத்துல ட்வைட் கண்ணுல நான் அதைப் பார்த்ததில்லை. அப்புறம் விட்டுவைக்க முடியுமா?”

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டி எழுதினாள்.

அங்கிருந்து நேராக ட்வைட்டைத் தேடிப் போனார். சிகிச்சை அறையில் அவன் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா, மடியில் தொப்பி. சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஹார்லனின் முகம் இன்னும் தெரிந்தது. கிழவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். பிறகு திரும்பி, மரியாதையாகக் கையை நீட்டினார்.

“ஜெயிச்சதுக்கு வாழ்த்துகள், சார்.”

அந்தக் கையைக் குலுக்குவதற்குள் ஹார்லனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“ட்வைட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் வந்தது உன்னை எடுக்க இல்ல...”

“தெரியும்” என்றான் ட்வைட்.

“தெரியுமா?”

“லானியக் கேட்டேன். அவன் மேட்டுக்கு வந்தப்ப நீ கக்கூஸ்ல இருந்தியாம். மொதல்ல உன்னைக் கொன்னுடலாம்னு இருந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. அப்பாகிட்ட சொன்னேன், அவரும் சிரிச்சாரு. விதின்னு ஒண்ணு இருக்கு, ஒண்ணுக்குன்னு ஒண்ணு இருக்கு, என்ன பண்றதுன்னாரு.” அவன் தோளில் ஐஸ் பையைச் சரி செய்துகொண்டான். “இப்ப மைக் முன்னாடி உக்காந்து, லானி வந்தது தெரியாதுன்னு சொல்லப்போறான் பாருங்க, ஊரே சிரிக்கப்போவுதுன்னு டிவியப் போட்டோம். ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருந்தோம்.”

ஹார்லன் அணைந்திருந்த டிவியைப் பார்த்தார்.

“என் ஆட்டம் போச்சு. போவட்டும். தப்பு யாருக்கும் வரும். எங்கப்பா ஏழு மணி நேரம் வண்டியில வந்து, என் கண்ணுல பயம்னு கேட்டுட்டுப் போறாரு. அதுதான் எனக்கு ஆறல.”

“வேலை போயிடும்டா. எனக்கு வேற வழி...”

“இருந்துச்சு. ஒரே ஒரு வார்த்தை.”

கிழவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, “நான் வண்டிகிட்ட இருக்கேன்பா” என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ட்வைட் மேசையிலிருந்து இறங்கினான். “அடுத்த சுத்துக்கு நாளைக்குப் பட்டியல் குடுக்கணும்ல? என் பேரை எடுத்துரு. கை வலின்னு சொல்லிக்கோ. இல்ல, பயம்னே சொல்லு. உனக்குத்தான் சொல்ல வருமே.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஹார்லன் பட்டியலை எழுதினார். ட்வைட் பெயர் வர வேண்டிய இடத்தில் இடக்கைப் பயலின் பெயரை எழுதினார். காரணம் என்று இருந்த கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. மத்தியானம் மகன் அப்பாவை ஏற்றிக்கொண்டு மேற்கு வர்ஜீனியாவுக்குக் கிளம்பிவிட்டான் என்று லானி வந்து சொன்னான். சொல்லிவிட்டு, வழக்கம்போல உட்காராமல் போய்விட்டான்.

திங்கட்கிழமை உள்ளூர் நாளிதழில் ஹார்லனின் படம் முதல் பக்கத்தில் வந்தது. இரண்டு வருட நீட்டிப்பைப் பற்றி ஒரு பத்தி. அதற்குக் கீழே, பதினொரு வருட நண்பனையே பட்டியலிலிருந்து நீக்கும் துணிச்சல் இந்த லீகில் வேறு எந்த மேனேஜருக்கும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஹார்லன் அதை இரண்டு தரம் படித்தார். நாளிதழின் ஃபோன் நம்பர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை.