பாட வேண்டாம், அடித்தால் போதும்

ரேடியோவுக்கு சீட் பெல்ட் போட்டு அழைத்துவந்தார்கள். மனுஷனுக்கே பெல்ட் போடாத ஊரில், வால்வு ரேடியோ ஒன்று பெரிய காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, கழுத்தில் சாமந்தி மாலையோடு, டயல் கண்ணாடியில் விபூதிப் பட்டையோடு, மயிலாப்பூரில் என் மாடிப்படிக்கு எதிரே வந்து இறங்கியது. அந்த மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலும் வைத்துக்கொண்டு, ரேடியோ ரிப்பேர் பார்த்தபடி நான் ஐம்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ரேடியோவைப் பார்த்ததும் எழுந்து நிற்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

கூட வந்தவர்கள் அண்ணன் தம்பி. பெரியவர் சிதம்பரநாதன், சின்னவர் பாலகணேஷ். தி.நகரில் நாலு மாடிப் பாத்திரக்கடை. சாத்தான்குளத்திலிருந்து வந்து அதை ஆரம்பித்த அப்பா கதிரேசன் போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். ரேடியோ அவருடையது.

"உங்க பேரு?" என்றார் பெரியவர்.

"மண்ணாங்கட்டி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனுக்கு மின்னாடி பொறந்த நாலும் தங்கல, அண்ணாச்சி. அதான் இந்தப் பேரு. எமன் லிஸ்டைப் படிச்சிக்கினே வந்தானாம். இந்தப் பேரைப் பாத்ததும் பக்கத்தைத் திருப்பிட்டான். இன்னிக்கி வரைக்கும் திரும்பி வர்ல."

"நாங்க மெக்கானிக் ஐயான்னே கூப்பிடுதோம்," என்றார் சின்னவர்.

"சரி, இன்னா பண்ணணும்? பாடணுமா?"

"பாட வேண்டாம்," என்றார் சிதம்பரநாதன். "ஷாக் அடிக்கணும். எங்க ஐயா காலத்துல எப்படி அடிச்சுதோ, அப்படியே அடிக்கணும்."

ஷாக் அடிக்கிறது என்று ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அடிக்கவில்லை என்று கவலைப்பட்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

விஷயம் இது. அந்த வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் கதிரேசன் இரண்டு கட்சியையும் ரேடியோ முன்னால் மணைப்பலகையில் நிறுத்துவார். சத்தம் கூட்டுகிற திருகின் குமிழ் எப்போதோ கழன்று விழுந்து, இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஈரக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்ய வேண்டும். ஒவ்வொரு சத்தியத்துக்கு முன்பும் கதிரேசன் ப்ளக்கைப் பிடுங்கி, துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பச் சொருகுவார். உண்மை சொன்னவரை ரேடியோ விட்டுவிடும். பொய் சொன்னவரைத் தூக்கி அடிக்கும். அப்பீல் கிடையாது.

இப்போது வழக்கு புஷ்பத்தின் மேல். பெரியவருக்குத் தங்கை, சின்னவருக்கு அக்கா. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் பதினோரு வருஷம் கூடவே இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டவர். "இந்த வீடு உனக்குத்தான்" என்று ஐயா வாயால் சொன்னதாகப் புஷ்பம் சொல்கிறார். சொல்லவே இல்லை என்கிறார்கள் அண்ணனும் தம்பியும். இடித்துவிட்டு ஃப்ளாட் கட்ட வேண்டுமாம். எழுத்தில் ஒன்றும் இல்லை. கோர்ட்டுக்குப் போனால் கடைப் பேர் கெட்டுவிடும்.

"அதனால ஐயா முன்னாலயே தீர்த்துக்கலாம்னு," என்றார் பாலகணேஷ். "அவளும் சம்மதிச்சுட்டா. அடிச்சா அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிடுதேன்னு சொல்லிட்டா."

இவர்கள் கடையில் பதினெட்டு கேமரா இருக்கிறது. ஒரு தூக்குவாளியின் மூடி காணாமல் போனால் எந்த மாடியில், எந்தக் கையில் போனது என்று சொல்லிவிடுவார்கள். உண்மையைக் கண்டுபிடிக்க மட்டும் ரேடியோ வேண்டும்.

"யாருனா நடுவுல கை வச்சாங்களா?"

"இருபது வருஷமா சும்மா கிடந்துச்சு. கடை எலெக்ட்ரீஷியன் ப்ளக்கைச் சொருகினான். புகை வந்துச்சு."

வராமல் என்ன செய்யும்? இருபது வருஷம் பட்டினி கிடந்தவன் வாயில் ஒரு குண்டான் பிரியாணியை ஒரே மூச்சில் கவிழ்த்த மாதிரி. அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவனை ஒருநாள் அந்தத் தண்டைப் பிடிக்கவைக்க வேண்டும்.

"பத்து நாளு ஆவும்," என்றேன். "அந்தக் காலத்துக் கரண்டு வேற, அண்ணாச்சி. பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ்லேர்ந்து சுடச்சுட வரும். இப்ப வர்றது எங்கேயோ காய்ச்சி, ஆறிப்போயி வந்து சேருது. அதைப் பழைய பதத்துக்குக் கொண்டாரணும்."

பெரியவர் பயபக்தியோடு தலையாட்டினார். நாலு மாடிக் கடைக்கு முதலாளி.

அவர்கள் போனதும் பின்பலகையைக் கழற்றினேன். பல்லிமுட்டை, ஒரு செத்த பாச்சை, இருபது வருஷத் தூசி. கரண்டை வாங்கிப் பதப்படுத்தி வால்வுகளுக்குப் பரிமாறுகிற இடம்தான் எந்த ரேடியோவுக்கும் வயிறு. அது வெந்துபோயிருந்தது. பெரிய கண்டென்சர் உப்பி, வாய் பிளந்து கிடந்தது. அதன் குடலை உருவிவிட்டு, அதே தகரக் கூட்டுக்குள் புதுசை உட்காரவைத்தேன். பிய்ந்த ஒயர்களை மாற்றினேன். பிறகு நேராகக் கரண்டு கொடுக்காமல், நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை வழியில் உட்காரவைத்து அதன் மூலமாகக் கொடுத்தேன். உள்ளே தகராறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் மங்கிக்கொண்டே வரும். எரிந்தது, யோசித்தது, மங்கியது. டயலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது.

உறுமல் மட்டும் கொஞ்சம் இருந்தது. அதெல்லாம் உறுமலா? எழுபத்தி ஏழில் நொச்சிக்குப்பத்தில் ஒரு ரேடியோவுக்கு வயிறு மாற்றினேன். அது உறுமின உறுமலில் கரையில் காயப்போட்டிருந்த கருவாடு அத்தனையும் எழுந்து கடலைப் பார்த்து நடந்தது. ரேடியோவை நிறுத்திய பிறகுதான் படுத்தது. நான் கண்ணால் பார்த்தது.

இனி கதிரேசனின் தெய்வசக்திக்கு வருவோம். சில பழைய ரேடியோக்களில் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டுக் கரண்டின் ஒரு கால் நேராக உள்ளே இருக்கும் இரும்புத் தட்டில் வந்து உட்காரும். தட்டோடு அந்தத் தண்டும் ஒட்டு. இரண்டு முள் ப்ளக்கை ஒருபக்கமாகச் சொருகினால் தட்டு பச்சைப்பிள்ளை. திருப்பிச் சொருகினால் எமன். மணைப்பலகை மட்டும் காலுக்கு அடியில் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தில் பொய் சொல்லக்கூட ஆள் மிஞ்சியிருக்காது.

ப்ளக்கின் ஒரு பக்கத்தில் குங்குமப் பொட்டு இருந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். பொட்டு மேலே இருந்தால் தண்டில் வைத்த டெஸ்டர் எரிந்தது. கீழே இருந்தால் அணைந்தது. கதிரேசன் முதலில் தீர்ப்பை எழுதிவிட்டு, அப்புறம்தான் ப்ளக்கைக் கண்ணில் ஒற்றியிருக்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. பொட்டைத் தொட்டேன், விரலில் ஒட்டியது. செத்து ஏழு மாசமான மனுஷன் நேற்று வந்து பொட்டு வைத்துவிட்டுப் போக மாட்டார்.

ஆக, பிள்ளைகளுக்கும் தெரியும். கடைச் சாவியோடு இதையும் கொடுத்துவிட்டுத்தான் கிழவர் போயிருக்கிறார். பெண்ணுக்குத்தான் சாவியும் இல்லை, பொட்டும் இல்லை.

அந்தப் பெண் மூன்றாம் நாள் நடந்தே வந்தார். ஐம்பத்திநாலு வயசு இருக்கும். என் ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்துகொண்டு ரேடியோவை ஓரக்கண்ணால் பார்த்தார், கடிநாயைப் பார்க்கிற மாதிரி.

"பெரியவரே, ஒண்ணு கேக்கலாமா? இதைக் கொஞ்சம் மெதுவா அடிக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

"பொய் சொல்லப்போறியாம்மா?"

"இல்ல. நெசத்தைத்தான் சொல்லப்போறேன். ஆனா அது எப்படியும் என்னை அடிக்கும்." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். "எனக்குப் பன்னெண்டு வயசுல பாலா ஐயாவோட வாட்சைக் கிணத்துல போட்டுட்டான். நான் பாத்தேன். இதைப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் சொன்னேன். என்னைத் தூக்கிச் சுவத்துல அடிச்சுது. அவன் பிடிச்சான், ஒண்ணுமே பண்ணலை. அன்னையில இருந்து வீட்டுல நான் பொய்க்காரி. சில நாள் எனக்கே சந்தேகம் வந்துரும், வாட்சைப் போட்டது நான்தானோன்னு."

பொட்டு ரகசியத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தம்மா நேராகப் போய், "அண்ணே, அப்படியா அண்ணே?" என்று கேட்டுவிடும். அப்படிப்பட்ட ஆள்.

"நீ வந்து கையை வையி தாயி," என்றேன். "மிச்சத்தை நான் ரேடியோகிட்ட பேசிக்கறேன்."

ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்தேன். ஒருபக்கம் வீட்டுக் கரண்டு, மறுபக்கம் ரேடியோ, இரண்டும் ஒன்றை ஒன்று தொடாது. நடுவில் சுவர் வைத்த மாதிரி. இனி ப்ளக்கை மேலே, கீழே, குறுக்கே எப்படிச் சொருகினாலும் தண்டு பச்சைப்பிள்ளைதான். பெட்டிக்குள் அடிப்பலகையில் அதை முடுக்கிவைத்தேன்.

பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் சபை கூடியது. ராகுகாலத்தில் பொய் சொன்னால் விளங்காது அல்லவா? ஹாலில் அண்ணன் தம்பி, பாலகணேஷின் மனைவி சிந்து, ஊரிலிருந்து சாட்சிக்கு வரவழைத்த சித்தப்பா சண்முகவேல். எண்பத்திரண்டு வயசு, கதிரேசனின் கூடப்பிறந்த தம்பி. சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை. தன்னைத் துரத்த வந்தவர்களுக்கும் சேர்த்துச் சமைத்திருந்தார் புஷ்பம்.

"என்னய்யா, கனமா இருக்கு?" என்றார் ரேடியோவைத் தூக்கிய பாலகணேஷ்.

"நாப்பது வருசத்துச் சத்தியம் உள்ள கீதே, அண்ணாச்சி. வெய்ட்டு இருக்காதா?"

ப்ளக் பூஜை சின்னவர் கையில். பிடுங்கினார், துடைத்தார், அப்பா மாதிரியே கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொருகும்போது பார்த்தேன், பொட்டு கீழே. டயல் எரிந்ததும் சிதம்பரநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டு மணையில் ஏறினார். காலில் தடித்த ரப்பர் செருப்பு.

"சாமி முன்னால செருப்பா?" என்றார் சித்தப்பா.

"குதிகால் வலி, சித்தப்பா. டாக்டர் கழட்டக் கூடாதுன்னுட்டார்."

தம்பி மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஐயா அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை என்று பெரியவர் தண்டைப் பிடித்துச் சத்தியம் செய்தார். ஒன்றும் ஆகவில்லை. சின்னவரும் செய்தார். ஒன்றும் ஆகவில்லை. சின்னவர் மறுபடி ப்ளக்கைப் பிடுங்கி, துடைத்து, ஒற்றிச் சொருகினார். இந்தத் தடவை பொட்டு மேலே.

புஷ்பம் வெறுங்காலோடு வந்தார். கையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்டைப் பிடித்தார். "இந்த வீடு எனக்குத்தான்னு ஐயா சொன்னாங்க. போன வருஷம் வைகாசி மாசம், மாத்திரை கொடுக்கும்போது சொன்னாங்க."

ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். கை இன்னும் தண்டில்தான் இருந்தது. "அடிக்கலையே!" என்றார், யாரிடமோ புகார் சொல்வது போல.

"சரியாப் பிடி," என்றார் பாலகணேஷ். பிடித்தார். "நல்லா அழுத்து." அழுத்தினார். சின்னவர் ப்ளக்கைப் பிடுங்கி உற்றுப் பார்த்தார், திரும்பச் சொருகினார். "இப்பப் பிடி." ஒன்றுமில்லை. அக்காவைத் தள்ளிவிட்டுத் தானே தண்டைக் கொத்தாகப் பிடித்தார். டயல் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

ஆத்திரத்தில் என் பக்கம் திரும்பிக் கத்தினார்: "யோவ், என்னய்யா ரிப்பேர் பண்ணியிருக்க? பொட்டு மேல இருந்தா அடிக்கணும்லா!"

சிதம்பரநாதன் கண்ணை மூடிக்கொண்டார். சண்முகவேல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"ஏல, இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, சித்தப்பா."

"பொட்டு மேல இருந்தா அடிக்கும்ன. அப்போ கீழ இருந்தா?"

பெரிய மனுஷர் கேட்டும் பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லையே என்று நான்தான் சொன்னேன்: "கீழ இருந்தா அரிச்சந்திரன், சாமி. மேல இருந்தா திருடன். உங்க அண்ணாரு கண்ணுல ஒத்திக்கினதெல்லாம் பொட்டு எந்தப் பக்கம்னு பாக்கத்தான். எனுக்கு இது பாதுகாப்பாத் தெரில. அதான் நடுவுல சொவரு வச்சிட்டேன்."

"அறுபத்தொம்பதுல," என்றார் கிழவர். "கடை ஆரம்பிச்ச வருசம். கல்லாவுல நான் கை வைக்கலைன்னு இதே தண்டைப் பிடிச்சுச் சொன்னேன். அடிச்சுது. பொய்யன்னு ராவோட ராவா ரயில் ஏத்தி விட்டான். கடையில பாதி என்னுதுலே! எங்கம்மா சாகுற வரைக்கும் என் முகத்துல முழிக்கலை."

"இருங்க மாமா, இருங்க," என்று சிந்து முன்னால் வந்தார். "நான் கல்யாணமாகி வந்த மூணாம் நாள், ஃப்ரிட்ஜ்ல இருந்த பால்கோவாவை நான் சாப்பிடலைன்னு சொன்னேன். எனக்கும் அடிச்சுது. இருபத்திரண்டு வருஷமா உங்க வீட்டுல என்னைப் பால்கோவான்னுதானே கூப்பிடுறீங்க? யாருங்க தின்னது?"

பாலகணேஷ் தரையைப் பார்த்தார். "ஐயாவுக்குச் சுகர். டாக்டர் இனிப்பு கூடாதுன்னுட்டாரு. அதான்..."

"ஓஹோ!"

புஷ்பம் தம்பிக்கு எதிரே போய் நின்றார். "வாட்சை யார் போட்டா, பாலா?"

"விடு, அக்கா. அது பழைய கதை."

"யார் போட்டா?"

"நான்தான்."

அவர் தலையை ஒருதரம் ஆட்டிக்கொண்டார். நாற்பத்திரண்டு வருஷக் கணக்குக்கு அவ்வளவுதான். இதற்குள் சித்தப்பா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சாத்தான்குளத்துக்கு ஒருவர் விடாமல் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ரேடியோவிடம் அடி வாங்கியவர்கள் அந்த ஊரில் ஒரு தெரு முழுக்க இருந்தார்கள் போலிருக்கிறது. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "பொட்டா?"

சிதம்பரநாதன் வியாபாரி. பாதிக் கடையா, இந்த வீடா, எது பெருநஷ்டம், எது சிறுநஷ்டம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கை கையைப் பிடித்துக்கொண்டார். "புஷ்பம், ஐயா சொன்னாங்க, எம்மா. வீடு உனக்குத்தான்னு சொன்னாங்க. நான் என் காதால கேட்டேன். திங்கக்கிழமையே ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிருவோம். நீ சித்தப்பாகிட்ட மட்டும் கொஞ்சம் பேசு."

"திங்கக்கிழமை எழுதிக் கொடு. அப்புறம் பேசுதேன்," என்றார் புஷ்பம். என்னைப் பார்த்து, "பெரியவரே, இலை போட்டாச்சு, உக்காருங்க," என்றார்.

உட்கார்ந்தேன். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், அப்பளம். இந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டினால் இப்படி ஒரு சமையலறை கிடைக்காது. நான் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டபோது, சாத்தான்குளத்திலிருந்து ரேடியோவிடம் அடி வாங்கிய பதினாலு பேரோடு ஒரு வேன் கிளம்பிவிட்டதாகப் போனில் செய்தி வந்தது.