மேசை விளக்கை மட்டும் தொடாதீங்க

1

இந்தக் கதை என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து, விழா மலருக்கு மின்சாரச் சிக்கனம் பற்றிப் பயனுள்ள கதை ஒன்று வேண்டும் என்றார். கதையையும் அவரே சொல்லிவிட்டார்: ஒரு வீட்டில் குண்டு பல்பு போய் எல்.இ.டி. வருகிறது, குடும்பம் உருப்படுகிறது, சுபம். வந்த எரிச்சலில் அவரையே கதாநாயகனாக்கி, முன்பல்லை உடைப்பது என்று முடிவு செய்தேன். பயனுள்ள கதை என்றால் முதலில் எழுதுகிறவனுக்காவது பயன்பட வேண்டாமா?

2

முதல் தொடக்கம்: 'அந்த வீட்டில் இருள் விலகிய நாள் அது.' சீ, என் கைதான் இதை எழுதியதா?

இரண்டாவது: 'சிக்கனம் என்பது வெறும்' — வெறும் என்ன? தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது நிற்கிறது: செயலாளர் ஸ்டூலிலிருந்து விழுந்தார்.

கூடம், சமையலறை, குளியலறை என்று வீடு முழுக்க பல்பை மாற்றி முடித்தவருக்கு, மனைவியின் வேலை மேசைக்கு மேல் தொங்கிய விளக்கு ஒன்றுதான் பாக்கி. மனைவி பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அவள் வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுப்பாள். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு புதுப் பல் ஒட்டிப்போக வேண்டும், அதில்தான் அவள் பெயரே இருக்கிறது. அதற்கென்றே தேடிப் பிடித்து வாங்கிய விளக்கு அது. கரண்டைக் கொஞ்சம் இழுக்கும், ஆனால் நிறத்தை உள்ளபடி காட்டும். எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், மேசை விளக்கை மட்டும் தொடாதீங்க என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஐயா ஸ்டூலில் ஏறினார். என் வீட்டில் பழைய விளக்கு ஒன்றுகூட இல்லை என்று மேடையில் முழங்க வேண்டுமே. ஏறத் தெரிந்தது, மாட்டத் தெரிந்தது, இறங்கத்தான் தெரியவில்லை. மேசை விளிம்பில் வாய் மோதி முன்பல் போனது.

(சிக்கனத்தை நான் நக்கலடிக்கவில்லை. எல்.இ.டி.யிலும் நிறம் பிசகாத உசத்தி ரகம் உண்டு. அதையாவது வாங்கிக் கொடுங்கள் என்றுதான் அவளும் கேட்டாள். சங்கத்துக்கு மலிவாக வாங்கியது பெட்டி பெட்டியாகக் கிடக்கும்போது உனக்கு மட்டும் தனி வெளிச்சமா என்றவர் அவர்.)

கழற்றிய விளக்கையாவது திருப்பிக் கொடுத்தாரா என்றால், அதுவும் இல்லை. 'ஒழிக்கப்பட்ட விளக்கு' என்று விழாவில் காட்டுவதற்காகச் சங்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

3

உடைந்த பல்லுக்குப் பதில் பல் யார் செய்வது? அவள்தான். இங்கே அவள் அழுதாள் என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவளுக்கு வந்தது கோபம், அடக்கமாட்டாத கோபம். அந்தக் கோபத்தோடு, அவர் மாட்டிய பல்புக்குக் கீழேயே உட்கார்ந்து செய்தாள். அவர் அதே வெளிச்சத்தில் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. என் பல்பில் என்ன குறை கண்டாய் என்று வீடு அதிரக் கேட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் பல்லை ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். வெயிலில் அது அணைந்த கரியாகச் சாம்பல் பூத்திருந்தது. வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். ஐயா வரவில்லை. ஓட்டைப் பல்லோடு சொற்பொழிவு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. 'சிக்கனம்' என்ற சொல்லுக்கெல்லாம் விசில் வந்தது.

அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இன்னொரு பல் செய்தாள். அது வெயிலில் கச்சிதமாக இருந்தது.

4

விழா நாள். மேடை திறந்த வெளியில், பட்டப்பகலில். போகிற வழியில் பல்லை ஒட்டிக்கொள்ளக் கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் வந்திருக்கிறார்கள். டாக்டர் அறையிலும் செயலாளர் உபயத்தில் அதே பல்புதான். வேடிக்கை என்னவென்றால், அந்த வெளிச்சத்தில் சாம்பல் பல் பொருந்தும், வெயிலில் செய்த நல்ல பல்லுக்குத்தான் குறை தெரியும். டாக்டரோ எதைக் கொடுத்தாலும் ஒட்டுகிற மனுஷன்.

அவள் பையில் இரண்டு டப்பி இருக்கிறது, பல்லுக்கு ஒன்றாக.

"ஒரு நிமிஷம் வாசலுக்கு வாங்க. வெயில்ல பாத்துட்டு ஒட்டிக்கலாம்."

"வெளிச்சம்னா எல்லாம் வெளிச்சம்தான். வீட்ல பொருந்துச்சில்ல?"

"சரி, அலமாரியில பூட்டி வச்ச என் விளக்க எப்பத் தருவீங்க?"

"மேடையில எல்லார் முன்னாலயும் உடைக்கிறதா ஏற்பாடு. அப்பதான் மனசுல பதியும்."

சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்துகொண்டார். டாக்டர் அவளிடம் கை நீட்டினார்.

5

முடிவு அ. சாம்பல் பல்லைக் கொடுக்கிறாள். மேடையில் செயலாளர் இளிக்கிறார், அந்த ஒரு பல் மட்டும் தனியாக நிற்கிறது, கூட்டம் குலுங்கிச் சிரிக்கிறது. எழுதும்போது எனக்கே மனசு குளிர்ந்துபோனது. ஆனால் பல் யார் கைவேலை என்று ஊருக்கே தெரியும். நாளையிலிருந்து அவளுக்கு எந்த டாக்டர் வேலை அனுப்புவார்?

முடிவு ஆ. நல்ல பல்லைக் கொடுக்கிறாள். அவர் பளிச்சென்று சிரித்தபடி விளக்கைப் போட்டு உடைக்கிறார். கைதட்டல். அடுத்த பல்லையும் அவள் அந்த பல்புக்குக் கீழேதான் செய்வாள், இருட்டினால் ஜன்னலும் உதவாது.

முடிவு இ. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வாசலுக்குப் போய், வெயிலில் — போக மாட்டார். அந்த ஆளைப் படைத்தவன் நான், எனக்குத் தெரியாதா.

கதை முடிந்ததா, பயனுள்ளதாக இருக்கிறதா என்று நிஜச் செயலாளர் ஆள் விட்டுக் கேட்கிறார். என்னால் முடிக்க ஆகவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வாய் திறந்திருக்கிறது, டாக்டர் கை நீட்டியபடி நிற்கிறார், இரண்டு டப்பியும் இப்போது உங்களிடம். நீங்கள் நல்லவர், நல்ல பல்லைத்தான் எடுப்பீர்கள். எடுங்கள். ஆனால் டாக்டர் கையில் வைப்பதற்கு முன், அலமாரிச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று வாய் திறந்திருப்பவரைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.